கலத்தினுள் ஒரு துபாசி

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, அவர்கள் மனத்தில் இருந்தது சங்கச் செய்யுளின் நயமோ கல்லூரி நாடகமேடையின் வரலாறோ ஆதல் வேண்டும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் இக்கல்லூரியில் உளர். யாம் எழுதப் புகுந்ததோ, உயிர்க்கலத்தினுள்ளே புரதம் ஆக்கப்படும்பொழுது இடமாற்று ஆர்.என்.ஏ என்னும் சிறு மூலக்கூறு ஆற்றும் பணியைப் பற்றியது. ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரம் ஒன்றையே கைம்முதலாகக் கொண்ட தமிழாசிரியனுக்கு இதில் என்ன உரிமை என வாசகர் வினவலாம். அம்மூலக்கூறு பங்குகொள்ளும் தொழிலுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் மொழிபெயர்ப்பு. உவமையாக இட்டனரோ, வேறு சொல் அகப்படாமையால் இட்டனரோ, பெயர் அதுவே. மொழிபெயர்ப்பு நடைபெறும் இடத்தை மொழியாசிரியன் எட்டிப் பார்ப்பது அத்துமீறல் ஆகாது என்பது எம் துணிபு.

இவ்விடயம் எம் செவியில் முதன்முதல் விழுந்தது சீகிரியாவிலே. 2017ஆம் ஆண்டில் உயர்தர வகுப்பின் உயிரியல் மாணவர் கல்விச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டபொழுது யாமும் உடன் சென்றோம். மேற்பார்வைக்கு இன்னோர் ஆசிரியர் வேண்டியிருந்தமையும் பஸ் வண்டியில் ஓர் இருக்கை மிகுந்திருந்தமையுமே காரணம். மாத்தளை நகரிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெருவிற் சிறிது தூரத்தில் அலுவிகாரை உளது. அதுகாறும் வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திருமறை, கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் அதுவென்பர். எழுத்தாணியால் ஓலையில் எழுதும் முறையை அங்கு வருவோர்க்கு இன்றும் காட்டுவர். கீறியபொழுது ஒன்றும் தெரியவில்லை. கரிமை பூசித் துடைத்த பின்னரே எழுத்துக்கள் புலனாயின. மாணவர் சிலர் தத்தம் பெயரை எழுதுவித்து வாங்கினர். தம் பெயரைச் சிங்கள எழுத்திற் பெற்று, அதனைத் தாமே வாசிக்க இயலாது அயலிருந்தோரிடம் நீட்டினோரும் உளர்.

நாலந்தா, நாவுல, தம்புள்ளை கடந்து இனாமலுவைச் சந்தியிற் கிழக்கே திரும்பினாற் சீகிரியா. சூழவுள்ள நிலத்தினின்று ஏறக்குறைய 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் அப்பாறையின்மீது காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை அரசிருந்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. 1982இல் அஃது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. பாறையின் உச்சிவரை ஏறும் ஆர்வம் எம் முழங்கால்களுக்கு இல்லை. கண்ணாடிச் சுவர் அளவே எம் யாத்திரை. குளவிக்கு அஞ்சி அமைதி காக்குமாறு ஆங்காங்கே அறிவித்தல் வைத்துளர். மாணவர் வாய்மூடி வரிசையில் நடந்த காட்சியை எம் ஆசிரிய வாழ்வில் அன்று ஒருநாளே கண்டோம். குளவிகளுக்கு எம் நன்றி உரியது.

கண்ணாடிச் சுவரைப் பற்றி ஒரு சொல். முகம் தெரியுமளவுக்கு மெருகிட்ட சுண்ணச்சாந்துச் சுவர் அது. காசியப்பன் மறைந்து சில நூற்றாண்டுகள் கழிந்தபின், பாறையைக் காணவந்தோர் மேலே தீட்டப்பெற்ற பெண்டிரின் ஓவியங்களைக் கண்டு, தம் மனத்தில் எழுந்ததைச் செய்யுளாக்கிச் சுவரிற் கீறிச் சென்றனர். பெரும்பாலும் பழஞ்சிங்களச் செய்யுள்கள். எட்டாம் நூற்றாண்டு தொடக்கம் பத்தாம் நூற்றாண்டு வரையின. தொல்பொருள் ஆணையாளராகப் பணியாற்றிய செனரத் பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்துப் பொருள் கண்டு 1956ஆம் ஆண்டு இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அவர் படிப்பதற்கு முன்னரும் அச்சுவர் அங்கேதான் நின்றது. எழுத்துக்களும் அங்கேதான் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் கடந்து சென்றனர்.

எம் மாணவன் ஒருவன் முகத்தைச் சுவருக்கு அருகே கொண்டுபோய் நெடுநேரம் உற்றுநோக்கினான். பின் தன் உயிரியல் ஆசிரியரை நோக்கித் தாழ்ந்த குரலில், “சேர், வாசிக்க ஆளில்லாட்டி இது எழுத்தா, கீறலா?” என்றான். நண்பர் சற்றும் தயங்கிலர். “தூது ஆர்.என்.ஏயும் இந்தச் சுவர் மாதிரித்தான். இடமாற்று ஆர்.என்.ஏ வராட்டி அதுவும் வெறுங் கீறல்” என்றார்.

‘இடமாற்று’ என்ற சொல் காதில் விழுந்ததும் எம் நெஞ்சு ஒருகணம் படபடத்தது. இந்நாட்டு ஆசிரியர் அனைவருக்கும் அஃது இயல்பு. வலயக் கல்விப் பணிமனைக்கும் இதற்கும் தொடர்பில்லை எனத் தெளிந்தபின், கீழே மரநிழலிற் சோற்றுப் பொதியை அவிழ்த்தபடியே, அஃது யாது என நண்பரை வினவினோம். அவர் ஒரு சுள்ளியை எடுத்து மணலில் வரையத் தொடங்கினார். அன்று தொடங்கிய கேள்வி இன்றும் தீரவில்லை. பின்னர் யாம் படித்தும் கேட்டும் அறிந்ததை, விஞ்ஞானம் கல்லாத வாசகரும் விளங்குமாறு சொல்ல முயல்கின்றோம்.

கலத்தின் கருவிலே டி.என்.ஏ என்னும் ஏட்டுக்கட்டு உளது. அது கருவை விட்டு வெளியேறுவதில்லை. வேண்டிய ஏட்டுக்குப் படியெடுத்து வெளியே அனுப்பப்படும். அந்தப் படிதான் தூது ஆர்.என்.ஏ. காலையில் அலுவிகாரையில் நினைவுகூர்ந்த தொழில் இதுவே: ஓலையினின்று ஓலைக்கு, அதே மொழியில், எழுத்துக்கு எழுத்து. படியெடுப்போன் பொருள் அறிய வேண்டியதில்லை. கை சுத்தமாயிருந்தாற் போதும். இடர்ப்பாடு அதன்பின்னரே தொடங்குகின்றது. தூது ஆர்.என்.ஏயின் மொழிக்கு எழுத்துக்கள் நான்கே: அடினின், குவானின், சைற்றோசின், யுராசில். புரதமோ 20 வகை அமினோவமிலங்களைக் கோத்த மாலை. நான்கெழுத்து மொழியிலிருந்து இருபதெழுத்து மொழிக்குப் பெயர்த்தாக வேண்டும்.

இங்கே எம் யாப்பிலக்கணப் பழக்கம் கைகொடுத்தது. ஓரெழுத்து ஒரு பொருளைக் குறிக்குமாயின் 4 குறிகள், ஈரெழுத்தாயின் 16, அவை இருபதுக்குப் போதா. மூவெழுத்துச் சீராக்கினால் 64. அந்த 64இல் 61 அமினோவமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய 3 ‘முற்றிற்று’ எனப் பொருள்படுவன. தொடக்கத்துக்கும் ஒரு குறி உண்டு. அது மெதியோனின் என்னும் அமினோவமிலத்தின் குறி. எந்தப் புரதத்தை எழுதத் தொடங்கினும் முதலில் மெதியோனினை இட்டே தொடங்குவர். பின்னர் பலவற்றில் அதனை நீக்கிவிடுவர். பிள்ளையார் சுழி போலும் என்றோம். நண்பர் சிரித்தாரேயன்றி மறுக்கவில்லை. சீருக்கும் சீருக்கும் இடையே வெளியோ புள்ளியோ இல்லை. பழைய ஏட்டுச் சுவடியைப் படித்தோர் இதன் இடரை உணர்வர்: ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கினால் அடி முழுதும் பொருள் சிதையும்.

இம்மூவெழுத்துக்கும் அதனாற் குறிக்கப்படும் அமினோவமிலத்துக்கும் உருவத்தில் யாதோர் ஒற்றுமையும் இல்லை. ஒன்று மற்றொன்றில் தானாகப் பொருந்தாது. இதனை நன்கு கண்டவர் பிரான்சிஸ் கிரிக். 1955ஆம் ஆண்டு அவர் ஒரு குறிப்பெழுதி நண்பரிடையே சுற்றுக்கு விட்டார். அந்நண்பர் குழாம் தம்மை ஆர்.என்.ஏ கழுத்துப்பட்டிக் கழகம் என வழங்கிற்று. உறுப்பினர் இருபதின்மர், ஒவ்வொருவருக்கும் ஓர் அமினோவமிலத்தின் பெயர். அறிஞரும் மாணவர்போல் விளையாடுவர் என்பதற்கு இது சான்று. அக்குறிப்பில் கிரிக், இரு மொழியும் அறிந்த இடைத்தரகன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும் என ஊகித்தார். ஒரு கையால் மூவெழுத்தைத் தொட்டு, மறு கையால் அமினோவமிலத்தைப் பற்றியிருக்கும் சிறு மூலக்கூறு ஒன்று. கண்ணாற் காணாத ஒன்றைத் தருக்கத்தால் மட்டும் உளதென நிறுவியது எமக்குப் பெருவியப்பாயிற்று. பொஸ்டன் நகரில், மசாசூசெற்ஸ் பொது மருத்துவமனையில், போல் சமெக்னிக், மாலன் ஹோக்லண்ட் ஆகியோர் எலியின் ஈரற் சாற்றை ஆய்ந்துகொண்டிருந்தபொழுது, அமினோவமிலத்தைத் தாங்கிய சிறு ஆர்.என்.ஏ ஒன்றைக் கண்டனர். 1958ஆம் ஆண்டளவில் அச்செய்தி வெளியாயிற்று. கிரிக் தேடிய துபாசி அதுவே.

துபாசி என்ற சொல்லை வேண்டுமென்றே ஆள்கின்றோம். பறங்கியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எம் கரைகளில் இறங்கிய காலத்தில், இருபுறத்து மொழியும் அறிந்து இடையே நின்றவரை மக்கள் அவ்வாறு அழைத்தனர். துபாசி இன்றி வாணிபமும் இல்லை, வழக்கும் இல்லை.

அதன் வடிவைத் தாளில் வரைந்தால் மூன்று மடல்களும் ஒரு காம்புமாக வில்வ இலை போல் இருக்கும். மேனாட்டார் அதனை வேறோர் இலைக்கு ஒப்பிடுவர்; இந்துக் கல்லூரி மலரில் வில்வம் எனக் கூறுவதே பொருத்தம். நடுமடலின் நுனியில் மூன்றெழுத்து எதிர்க்குறி, தூது ஆர்.என்.ஏயின் குறியோடு பொருந்துவது அது. காம்பின் நுனியில் அமினோவமிலம் தொங்கும். மதுவத்திலிருந்து அலனினுக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏயைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையை முதன்முதல் முழுமையாகப் படித்தவர் றொபேட் ஹொலி. 1965இல் அவர் வெளியிட்ட வரிசையில் 77 எழுத்துக்கள். அறுபத்து நான்கு குறிகளுக்கும் பொருள் காணும் பணியில் முன்னின்றோர் மார்ஷல் நிரன்பேர்க்கும் ஹர் கோவிந்த் கொரானாவும். மூவரும் 1968ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்தனர். கொரானா இன்று பாகிஸ்தானில் உள்ள இராய்ப்பூர் என்னும் பஞ்சாபிச் சிற்றூரிற் பிறந்தவர். நூறு பேரளவில் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் பெரும்பாலும் அவருடையது ஒன்றே. அவர் முதலிற் கற்றது ஊராசிரியர் ஒருவரிடம் மரநிழலில் அமர்ந்து. அவரே பின்னர் எழுத்துக்களைத் தம் விருப்பப்படி கோத்து ஆர்.என்.ஏ செய்து, எந்தக் கோவைக்கு எந்தப் புரதம் விளைகின்றது எனச் சோதித்தறிந்தார். கட்டிட வசதி போதாது எனக் கவலுறும் அதிபர்மார்க்கு இச்செய்தியை நினைவூட்டி, கட்டிடம் வேண்டாமென யாம் சொல்லவில்லை என்பதையும் உடன் கூறிவிடுகின்றோம்.

தாளில் வில்வ இலையாக உள்ளது, உண்மையில் மடங்கிக் கவராயத்தின் கால்கள்போல் இரு கையாக நிற்பது 1973இல் பளிங்கு ஆய்வாற் புலனாயிற்று. இத்துறையில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முத்தையா சுந்தரலிங்கமும் அவர் குழுவினரும் 1970களில், மதுவத்தின் பினைலலனினுக்குரிய இடமாற்று ஆர்.என்.ஏயின் வடிவைத் தனித்து ஆய்ந்து வெளியிட்டனர். கோணார் உரை எழுதியவர் பெயர் அறிந்த எம் மாணவர் இப்பெயரை அறியார். அறிதல் நன்று.

இனி எம்மை உறக்கமின்றி வைத்த பகுதிக்கு வருகின்றோம். துபாசிக்கு உரிய அமினோவமிலத்தை அதன் காம்பில் கட்டிவிடுவது யார்? அதற்கெனத் தனி நொதியங்கள் உள. பெரும்பாலான உயிர்களில் அமினோவமிலம் ஒன்றுக்கு ஒன்றாக இருபது. மொழிபெயர்ப்பின் உண்மையான அகராதி இவற்றின் கையில்தான் இருக்கின்றது. அலனினைக் கட்டும் நொதியம் துபாசியின் எதிர்க்குறியைத் திரும்பியும் பார்ப்பதில்லை. காம்பில் உள்ள ஒரு குறித்த எழுத்துச் சோடியைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கின்றது என 1988இற் கண்டனர். ஆளின் முகத்தைப் பாராது காதணியைப் பார்த்து இன்னார் எனத் துணிவது போன்றது இது.

ஆளை அறிவது ஒருபுறம். அமினோவமிலத்தை அறிவது அதனினும் கடினம். ஐசோலியூசின், வலின் என இரண்டு உள. வேறுபாடு ஒரு காபன் அணுவும் இரண்டு ஐதரசன் அணுக்களுமே. வலின் சிறியது, ஆதலின் ஐசோலியூசினுக்கு அமைந்த இருக்கையில் அது எளிதாக நுழைந்து அமர்ந்துவிடும். பெரியதைத் தடுக்கலாம், சிறியதை எங்ஙனம் தடுப்பது? நொதியம் இரண்டு அரிதட்டுக்களை வைத்திருக்கின்றது என்றார் அலன் பேர்ஸ்ற் என்னும் அறிஞர். முதலாவது தட்டு தகுதியினும் பெரியவற்றை விலக்கும். இரண்டாவது தட்டின் கண் சிறியது. ஐசோலியூசின் அதனுட் புகாது, தவறிக் கட்டப்பட்ட வலின் புகும். புகுந்தது அங்கே வெட்டி நீக்கப்படும். வீட்டில் மா அரிப்போர் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இவ்வளவு செய்தும் ஏறக்குறைய 3000க்கு ஒன்று தவறுகின்றது என்பர்.

கட்டு முடிந்தபின் துபாசி இறைபோசோம் என்னும் ஆலைக்குட் செல்கின்றது. அங்கே மூன்று இருக்கைகள். வந்தவர் முதல் இருக்கையில் அமர, அவர் எதிர்க்குறி தூதின் குறியோடு பொருந்துகின்றதா எனப் பார்க்கப்படும். பொருந்தினால், இடையிருக்கையில் உள்ளவர் அதுவரை கோத்த மாலை முழுவதையும் புதியவர் கையில் மாற்றிவிட்டு மூன்றாம் இருக்கை வழியே வெறுங்கையோடு வெளியேறுவார். பற்றீரியாவில் இது நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் நிகழும். பொருத்தம் பார்க்கும் இடத்தின் அணுவமைப்பைக் கண்டு காட்டியவர் 1952இல் சிதம்பரத்திற் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 2009ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர். பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றபின், உயிரியலை மாணவராக மீண்டும் முதலிலிருந்து கற்றவர் அவர். முதலிரண்டு எழுத்துக்களின் பொருத்தத்தை இறைபோசோம் மிகக் கண்டிப்பாக அளக்கின்றது; மூன்றாவதில் சற்றே நெகிழ்ச்சி காட்டுகின்றது. அந்நெகிழ்ச்சியைக் கிரிக் 1966லேயே ஊகித்தார். இறுதியில் நின்ற உகரம் குறுகுவதை எமக்கு நினைவூட்டியது இது. இலக்கணம் கற்றார் ஒப்புவர். எம் மருத்துவமனைகளில் நெடுங்காலமாக வழங்கும் ரெட்ராசைக்கிளின் என்னும் மருந்து பற்றீரியாவின் இறைபோசோமில் அந்த முதல் இருக்கையை மறித்துத் துபாசியை உள்ளே விடாது தடுப்பது என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

ஆலை அளப்பது எதிர்க்குறியை மட்டுமே. காம்பில் தொங்கும் பொருள் சரியானதா என்பதை அது பெரும்பாலும் கேட்பதில்லை. இதனை 1962இல் சாப்வில், லிப்மன் முதலியோர் ஓர் அழகிய சோதனையால் நிறுவினர். சிஸ்ரீன் என்னும் அமினோவமிலம் அதற்குரிய துபாசியில் முறைப்படி கட்டப்பட்டது. பின்னர் நிக்கலைக் கொண்டு, கட்டை அவிழ்க்காமலே, சிஸ்ரீனில் உள்ள கந்தகத்தை அகற்றினர். கந்தகம் இழந்த சிஸ்ரீன் அலனின் ஆயிற்று. இப்பொழுது துபாசியின் அடையாளம் சிஸ்ரீன். கையில் இருப்பதோ அலனின். ஆலை என் செய்தது? சிஸ்ரீன் வரவேண்டிய இடங்களில் யாதோர் ஐயமுமின்றி அலனினைக் கோத்தது. ஆலையிற் குறையில்லை, தூதிலும் குறையில்லை. எழுத்துக்கு எழுத்து யாவும் விதிப்படியே நடந்தன. விளைந்த புரதம் பிழையானது.

இச்சோதனையைப் படித்தபொழுது யாம் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் இருந்தோம். எம் தந்தையாரின் நினைவு வந்தது.

1993ஆம் ஆண்டு எமது வீட்டுக்கு ஓர் அரச பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. தந்தையார் பல்லாண்டு மரக்கறி பயிரிட்டுவந்த துண்டுக் காணிக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது பற்றியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. கடிதம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. எமது வீட்டில் அதை வாசிக்க எவரும் இலர். தந்தையார் கடைத்தெருவில் மனு எழுதிக்கொடுக்கும் ஒருவரிடம் அதைக் கொண்டுசென்றார். அவருக்கு அரைகுறைச் சிங்களம் தெரியும். பத்திரங்களுடன் இன்ன திகதிக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கின்றனர் என அவர் வாசித்துச் சொன்னார். அதற்குரிய கூலியையும் பெற்றார். கடிதத்தில் இருந்த சொல் ‘பெர’. சிங்களத்தில் அதற்கு முன்னர் என்பது பொருள். அவர் செவிக்கு அது நம் ‘பிறகு’ போல் ஒலித்தது. ஐசோலியூசின் இருக்கையில் வலின் அமர்ந்த கதை இது. இரண்டாவது அரிதட்டு அங்கே இல்லை.

தந்தையார் சொன்ன சொல் தவறாது அத்திகதிக்குப் பிறகு, துவைத்த வேட்டியும் ஒழுங்காக அடுக்கிய பத்திரங்களுமாகச் சென்றார். அங்கிருந்த எழுதுவினைஞர் கடிதத்தையும் நாட்காட்டியையும் பார்த்துக் காலம் கடந்துவிட்டது என்றார். அவர் சொன்னது விதிப்படி சரியே. அக்காணி வேறொருவர் பெயருக்குப் போயிற்று. பின்னர் எழுதிய முறைப்பாடுகளால் ஒரு பயனும் இல்லை. வீட்டுக்கு வந்த தந்தையார் திண்ணையில் அமர்ந்து, “வாசிச்சவரு சொன்னபடிதான் தம்பி நான் செஞ்சேன்” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. அவ்வாண்டே கூலி வேலைக்குச் செல்லத் தொடங்கினார். தம் துண்டு நிலத்தில் நின்ற மனிதர் பிறர் நிலத்தில் குனிந்து நின்றதை யாம் பாடசாலை சென்று வரும் வழியில் நாள்தோறும் கண்டோம்.

யாம் சிங்களம் கற்றது அதன் பின்னர். ஆர்வத்தாற் கற்றோம் எனச் சொல்லின் பொய்யாகும். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அயலார் கடிதங்களுடன் எம் வீட்டுக்கு வருவதுண்டு. அவற்றை ஒருமுறை தமிழாக்கிச் சொல்வோம். சொன்ன தமிழை மீளச் சிங்களமாக்கிக் கடிதத்தோடு ஒப்பிடுவோம். திகதி, முன், பின், தொகை ஆகிய நான்கையும் தாளில் எழுதியும் கொடுப்போம். இதனாற் சிலர்க்குப் பொறுமை குன்றும். ஒரு பெரியவர், “ஒரு தரம் சொன்னாப் போதாதா சேர், பஸ் போயிருமே” என்றார். பஸ் போகட்டும் என்றோம்.

பெருந்தொற்றின்பின், 2021இல், பைசர், மொடேர்னா தடுப்பூசிகள் இந்நாட்டுக்கும் வந்தன. தூது ஆர்.என்.ஏ என்ற சொல் தேநீர்க்கடை வரை பரவிற்று. தூதனுக்குப் புகழ்; எம் தோட்தசையின் கலங்களுள் அத்தூதை வாசித்த துபாசியை எவரும் கேட்டிலர். அதனினும் சுவையானது ஒன்று. வெளியிலிருந்து செலுத்தும் ஆர்.என்.ஏயை உடல் பகையெனக் கருதிச் சீறும். ஆனால் இடமாற்று ஆர்.என்.ஏயைச் செலுத்தினால் அவ்வாறு சீறுவதில்லை. அதன் எழுத்துக்கள் பல, இயற்கையிலேயே சற்றுத் திரிந்து நிற்பன. கற்றலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் இதனைக் கண்டு, தூதின் எழுத்துக்களையும் அவ்வாறு திரித்து 2005இல் வெளியிட்டனர். அவ்வழியே பின்னர் இத்தடுப்பூசிகளுக்கு அடிகோலிற்று. 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. தூதன் பகைவர் எல்லையைக் கடந்தது துபாசியின் உடையை உடுத்து.

இனிப் பெயரைப் பற்றி. ஈழத்துச் சொல்லாக்கத்தார் எமக்குத் தந்த விஞ்ஞானச் சொற்கள் பல பொன் போன்றவை: கலம், நொதியம், மதுவம். அவற்றை வகுப்பிற் கூறும்பொழுதே பொருள் பாதி விளங்கிவிடும். இம்மூலக்கூற்றுக்கோ நற்பெயர் வாய்க்கவில்லை என்பது எம் கருத்து. இடமாற்று என்றால் ஆசிரியர் நடுங்குவர். காவி என்று சிலர் வழங்குவர். துறவு பூண்டதோ என மாணவர் நகைப்பர். கடத்தி எனலாமோ எனில், கடத்தலுக்கு இக்காலத்தில் உள்ள பொருளை யாவரும் அறிவர். இம்மூன்று சொற்களும் சுமையைத் தூக்கிச் செல்லும் கூலியாளாகவே அதனைக் காட்டுகின்றன. இரு மொழிக்கு இடையே நிற்பது என்பது எதிலும் இல்லை. துபாசி எனின் வடசொல் என்பர். இருமொழியி எனின் நாவில் இடறும். நண்பர் உயிரியல் வகுப்பிலே பரீட்சைக்கு இடமாற்று என்றும் விளக்கத்துக்குத் துபாசி என்றும் இரண்டையும் வழங்கிவருகின்றார்.

நண்பரும் யாமும் சேர்ந்து, உயர்தர உயிரியலிற் பயிலும் கலைச்சொற்களைத் தொகுத்து ஒரு கையெழுத்து ஏடாகக் கல்லூரி நூலகத்தில் வைத்துளோம். நூலகரின் மேசைக்கு இடப்புறம், அகராதிகள் உள்ள தட்டில் அது இருக்கின்றது. மருத்துவத்திலும் ஆய்வுத்துறையிலும் உள்ள பழைய மாணவர் யூபிலிக்கு வரும்பொழுது அதனைப் புரட்டிப் பார்த்துப் பென்சிலாலே திருத்தம் எழுதுவாராக. எழுதுவோர் தம் பெயரையும் கல்லூரியிற் பயின்ற ஆண்டையும் அருகே குறித்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் மீளக் கேட்பதற்கு உதவும். இடமாற்று ஆர்.என்.ஏ என்பதற்கு எதிரே நான்கு வரிகளை வெறுமையாக விட்டிருக்கின்றோம்.